எந்தப் பக்கத்துப் பிள்ளை

பொய்தான் சொன்னேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. எப்சிபா சிஸ்டர் புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு ஒன்னும் இல்லம்மா, கையைக் கழுவிட்டு உள்ள வா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டினால் கோபித்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பிப் போயிருக்கலாம், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன், விரல் இடுக்கெல்லாம் தேய்த்தேன், முன்பக்கம் திறப்பு வருகிற மாதிரி நீல அங்கியை மாட்டிக்கொண்டேன், வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மணி இரண்டு. நாலு மணி வரைக்கும் இப்படியே சாய்ந்திருக்க வேண்டும். நேற்றும் இதே நாற்காலி, முந்தாநாளும் இதே நாற்காலி. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சிஸ்டர் பிள்ளையை எடுக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. நான் திரும்பவில்லை. எடுத்து வந்து, நெஞ்சுக்கு நடுவில், தோலோடு தோலாகக் கவிழ்த்துப் போட்டு, தவளை மாதிரி இரண்டு காலையும் மடக்கி, துணியால் சுற்றி என் முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிறார். "தலை ஒரு பக்கமா சாஞ்சிருக்கணும், மூக்கு அமுங்கக் கூடாது. மூச்சு விட மறந்துருவாங்க இந்தப் பிள்ளைங்க. மறந்துட்டா உள்ளங்காலைச் சுண்டு, முதுகைத் தேய்ச்சு விடு. பயப்படாத." மூன்று நாளாக இதைத்தான் சொல்கிறார். மூச்சு விட மறப்பது. பேனாவை மறந்து வைத்துவிட்டு வருவதுபோலச் சொல்கிறார்.

ஆயிரத்து இருநூற்றுப் பத்து கிராம். நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையில் ஒரு கட்டு வெள்ளைத்தாளே இரண்டரைக் கிலோ இருக்கும், ஒரு கையில் தூக்கி மெஷினில் போடுவேன். இவள் அதில் பாதிகூட இல்லை. ஆனால் நெஞ்சு அழுந்துகிறது. இவள் கனம் இவ்வளவுதான் என்று எனக்குத் தெரிகிறது, அதற்கு மேல் ஒரு கனம் இருக்கிறதே, அது யாருடையது. இடது மார்புக்குக் கீழே, இவள் முழங்கால் தொடுகிற இடத்துக்கும் அப்பால், யாரோ இன்னொரு முழங்காலை மடக்கி வைத்திருக்கிற மாதிரி. குனிந்து பார்த்தால் துணியின் மடிப்பு. முந்தாநாளும் பார்த்தேன், மடிப்புதான். இன்றைக்குப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். இவள் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத மணிக்கட்டு. 'சண்முகக்கனி குழந்தை - 2' என்று மையால் எழுதியிருக்கிறார்கள். ஒன்று இல்லை. ஒன்று இல்லாமல் போய்ப் பதினாறு நாள் ஆகிறது, ஆனாலும் இவள் இரண்டுதான். யாராவது அழித்து எழுதுவார்கள் என்று நினைத்தேன். எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவார்கள், ஒன்று என்றா. அப்படி எழுதினால் போனவளை எப்படிச் சொல்வது.

போனது யார். அதுதான் எனக்கு வேண்டும். வயிற்றில் இருக்கும்போது அவர்கள் ஒன்றும் இரண்டும் இல்லை, வலப்பக்கத்துப் பிள்ளை, இடப்பக்கத்துப் பிள்ளை. வலப்பக்கத்தவள் உதைப்பாள். கடையில் நின்றுகொண்டே ஆதார் கார்டு காப்பி எடுத்துக் கொடுக்கும்போது விலாவுக்கடியில் ஒரு குத்து விடுவாள், நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன், கார்டு கொடுத்தவர்கள் எதற்குச் சிரிக்கிறாள் என்று பார்ப்பார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஆட்டம் அதிகம். சீரகத் தண்ணீர் குடித்தால் விக்கல் எடுப்பாள், துடிதுடியென்று வயிறு ஆடும். நான் பேசியதெல்லாம் அவளிடம்தான். இடப்பக்கத்தவள் அசைய மாட்டாள். இருக்கிறாளா என்று தெரியாது. இடது பக்கமாகப் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள், படுத்தால் அவளை நசுக்குகிறேனோ என்று ஒரு பயம், பிறகு வலது பக்கத்தவள் உதைத்ததும் இடது பக்கத்தவளை மறந்துவிடுவேன். மறந்தேன் என்பது உண்மை. ஒரு நாள் முழுக்க அவளை நினைக்காமல் இருந்திருக்கிறேன். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளை இருந்து, ஒன்று சத்தம் போட்டு, ஒன்று மூலையில் உட்கார்ந்திருந்தால், சோறு யாருக்குப் போகும். எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மூலையில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். தெரிந்தே அதைச் செய்தேன்.

மறந்தது மட்டும் என்றால் பரவாயில்லை. ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்த அன்றைக்கு, குளிர்ந்த ஜெல்லைத் தடவி, திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு டாக்டரம்மா சொன்னார், "ஒரு குழந்தை வளர்ச்சி கம்மியா இருக்கு, இடது பக்கம் உள்ளது. பார்ப்போம். ரெண்டும் தங்கணும்னு வேண்டிக்கோங்க." பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். இவர், என் வீட்டுக்காரர், பக்கத்தில் ரிப்போர்ட் கவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாலம் ஏறும்போது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. இரண்டில் ஒன்றுதான் என்றால், உதைக்கிறவள் இருக்கட்டும். அவ்வளவுதான். பாலம் இறங்குவதற்குள், ஐயோ என்ன நினைத்தேன் என்று கையை இடது பக்கம் வைத்துத் தடவிக்கொடுத்தேன். ஆனால் நினைத்துவிட்டேன். என் ரத்தம்தானே அவளுக்கும் போகிறது, நான் பயந்தால் அவளுக்கும் பயம் போகும் என்று சொல்கிறார்களே, அப்படியானால் அந்த எண்ணமும் போயிருக்கும். காதில் விழுந்திருக்கும். காது அப்போது முளைத்திருக்குமா. அதை யாரிடம் கேட்பது. கேட்டால் எதற்குக் கேட்கிறாய் என்பார்கள். பிறகு ஏழாம் மாதம் முடிவதற்குள் நீர் உடைந்து, அவசரமாக அறுத்து எடுத்தார்கள். எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இருபது கிராம்தான் வித்தியாசம். ஸ்கேனில் முன்னே பின்னே காட்டும் என்று டாக்டர்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் சின்னது எது, பெரியது எது. முகமும் ஒன்றுபோலவே. கடையில் ஒரு தாளை இரண்டு பிரதி எடுத்து அசலோடு கலந்துவிட்டால் நான் முனையைத் தடவிப் பார்த்தே அசல் எது என்று சொல்லிவிடுவேன். இவளைத் தடவினால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பூனைமயிர் மூடிய முதுகு, விரல் பட்டால் சிவக்கிற தோல். நீ யார். நீ உதைத்தவள் என்றால் நான் நினைத்தது நடந்துவிட்டது, நான் நினைத்து நடந்துவிட்டது. நீ மூலையில் இருந்தவள் என்றால், நான் வேண்டாம் என்று கைவிட்டவளை இப்போது நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், உனக்கு அது தெரியும். அதனால்தான் கண்ணைத் திறக்காமல் இருக்கிறாயா.

மூன்றாம் நாள் காலையில் அவள் போனாள். எனக்குச் சொன்னது சாயங்காலம். இடையில் இருந்த அந்தப் பகல் முழுக்க நான் இரண்டு பிள்ளைக்குத் தாயாக இருந்தேன். மதியம் ரசம் சோறு சாப்பிட்டேன். பக்கத்துக் கட்டில்காரியிடம், இரண்டும் பெண் என்று சொன்னேன். தையல் இழுத்ததால் எழுந்திருக்க முடியவில்லை, பிள்ளைகள் இருந்தது எதிர்க் கட்டிடத்தில். இவர் வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேஷ்டியில் முழங்காலுக்குக் கீழே ஈரமண் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. "ஒரு பிள்ளை தங்கல கனி" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. என் அண்ணனும் இவரும் கொண்டுபோயிருக்கிறார்கள், எல்லாம் முடிந்திருக்கிறது, நான் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். "நீ பார்க்கலன்னா மனசு ஆறிரும்னு எல்லாரும் சொன்னாவ" என்றார். அன்றிலிருந்து அவரிடம் நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை. பார்க்காத பிள்ளைக்கு முகம் இல்லை. முகம் இல்லாததால் அவள் எங்கே வேண்டுமானாலும் இருக்கிறாள். வார்டில் எந்தப் பிள்ளை அழுதாலும் திரும்பிப் பார்க்கிறேன். அவள் ஒரு தடவைகூட அழுதவள் இல்லை, வாயில் குழாய் இருந்தது என்று சொன்னார்கள், இருந்தாலும் அவள் அழுகை எனக்குத் தெரிகிறது. மற்ற அழுகைகளுக்குக் கொஞ்சம் கீழே, தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"நீங்க பேசவே மாட்டேங்கிறீங்களே புள்ளைகிட்ட." அடுத்த நாற்காலியில் ஜொஹரா. அவளுடையது எட்டாம் மாதத்துப் பிள்ளை, ஆண், இன்னும் ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் உட்கார்ந்ததிலிருந்து பிள்ளையிடம் ஓயாமல் பேசுகிறாள், வாப்பா வெளியில் நிற்கிறார், மழை தூறுகிறது, மத்தியானம் மீன் குழம்பு என்று. "என்ன பேசணும்" என்று கேட்டேன். "என்னத்தையாவது. குரல் தெரியும்ல அதுகளுக்கு. வயித்துல கேட்டது ஞாபகம் இருக்குமாம்." ஞாபகம் இருக்குமாம். அப்படியானால் இப்போது நான் பேசினால், உதைத்தவள் என்றால் அவளுக்குத் தெரிந்த குரல். மற்றவள் என்றால், தன்னிடம் பேசாத குரல். பக்கத்தில் இருந்தவளிடம் மட்டும் பேசிய குரல். வாயைத் திறக்க முடியவில்லை. சிஸ்டர் குழாய் வழியாகப் பால் விட வந்தபோது கேட்டுவிட்டேன். இரண்டு நாளாக நாக்கு நுனியில் வைத்திருந்ததை எப்படியோ கேட்டுவிட்டேன். "சிஸ்டர், ஸ்கேன்ல வலது பக்கம் ஒன்னு, இடது பக்கம் ஒன்னு இருந்துச்சு. இவ எந்தப் பக்கம்னு நோட்டுல இருக்குமா?" சிஸ்டர் ஊசிக்குழலை உயர்த்திப் பிடித்தபடி, பால் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "ஆபரேஷன்ல எது கைக்கு முதல்ல வருதோ அது ஒன்னு. அடுத்தது ரெண்டு. வலது இடது யாரும்மா எழுதப் போறா? உள்ள அதுக இடம் மாறிக்கிட்டும் இருக்கும்." என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "எதுக்குக் கேக்க?" என்றார். "சும்மா" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் உள் அறையில் புதிதாக ஒரு பிள்ளையைக் கொண்டுவந்திருந்தார்கள், கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

இடம் மாறிக்கொண்டே இருக்கும். அப்படியானால் உதைத்தவள் என்று நான் நினைத்தது எப்போதும் ஒருத்தி இல்லையோ. திங்கட்கிழமை ஒருத்தி, வியாழக்கிழமை இன்னொருத்தியோ. நான் சிரித்தது யாருக்கு, தடவிக்கொடுத்தது யாரை. பஸ்ஸில் வந்த அந்த எண்ணம் அன்றைக்கு யார் இருந்த பக்கம் போயிற்று. மெஷின் ஒன்று எங்கோ கீங்கீங் என்கிறது. இங்கே எப்போதும் ஏதாவது ஒன்று கத்திக்கொண்டிருக்கும், பிள்ளை காலில் மாட்டிய வயர் நழுவினால்கூடக் கத்தும், யாரும் ஓடி வர மாட்டார்கள். தூறல் ஜன்னல் கண்ணாடியில் வழிகிறது. எனக்குக் கண் சொருகியது. வலது இடது, இடது வலது என்று இரண்டு பேரும் தண்ணீருக்குள் ஒருத்தியை ஒருத்தி தாண்டிப் போகிற மாதிரி ஒரு நினைப்பு. அதற்குள் நெஞ்சில் ஏதோ நின்றது. சத்தம் இல்லை. இரண்டு மணியிலிருந்து என் தோலில் ஒரு சின்ன அசைவு இருந்திருக்கிறது, ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அது இருந்தது என்பதே நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். உதட்டைச் சுற்றி நாவற்பழக் கறை போல நீலம். சிஸ்டர் என்று கூப்பிட்டேனா, தெரியாது, ஜொஹரா கூப்பிட்டாள் என்று பிறகு சொன்னாள். என் கை துணிக்குள் போய் உள்ளங்காலைத் தேடியது, பெருவிரல் அளவு பாதம், சுண்டினேன், ஒன்றும் இல்லை, மறுபடி சுண்டினேன், முதுகைத் தேய்த்தேன், முதுகெலும்புக் கணு ஒவ்வொன்றும் விரலில் தட்டியது. "ஏட்டி. ஏட்டி, மூச்சு விடுளா. அம்மா இங்கதான இருக்கேன். விடுளா. போகாதளா. ஏட்டி, நீ போகாத." அப்போதுதான் மெஷின் கத்த ஆரம்பித்தது. அது கத்துவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது தடவை சுண்டினேன், கொஞ்சம் பலமாகவே. முகம் சுருங்கியது, வாய் கோணியது, பூனைக்குட்டி தும்முவது போல ஒரு இழுப்பு. பிறகு இன்னொன்று. பிறகு அழுகை. அழுகை என்று சொல்ல முடியாது, கதவிடுக்குச் சத்தம். எனக்கு அது போதும்.

சிஸ்டர் வந்து ஆக்சிஜன் குழாயை மூக்கருகில் பிடித்து, நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டு, திரையைப் பார்த்தார். "நீயே கொண்டுவந்துட்டியே" என்றார். "இருபது செகண்ட் இருந்திருக்கும். இந்த மாசத்துல இப்படி வரும், வளர வளர நின்னுரும். டாக்டர்கிட்ட சொல்றேன். பெட்டிக்குள்ள வச்சிரவா, பயமா இருந்தா?" வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். டாக்டர் வந்து பார்த்தார், ஒரு மருந்தின் அளவைக் கூட்டச் சொல்லி எழுதினார், நெஞ்சிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நீலம் கரைந்து பழைய சிவப்பு வந்தது. ஏட்டி என்று யாரைக் கூப்பிட்டேன். யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். உதைத்தவளையா, மூலையில் இருந்தவளையா. அந்த நேரத்தில் பக்கம் எதுவும் இல்லை, இந்தக் கால், இந்த முதுகு, இந்த நீல உதடு, இவ்வளவுதான் இருந்தது. அதற்காக மற்றவள் போய்விட்டாள் என்றும் இல்லை. இதோ, இடது மார்புக்குக் கீழே அதே கனம். இருக்கிறாள். மூச்சு இல்லாமல் இருக்கிறாள். அவளுக்கு உள்ளங்காலைச் சுண்ட ஆள் இருந்ததா, சுண்டினார்களா, எத்தனை தடவை சுண்டினார்கள், நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். ரசம் சோறு இல்லை, அது மதியம். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்திருப்பேன். என்னை அவள் கூப்பிட்டிருந்தால்கூட எனக்குக் கேட்டிருக்காது, நடுவில் ஒரு ரோடு இருக்கிறது. அவளுக்காக நான் இதுவரை அழவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. அழுதால் நெஞ்சு குலுங்கும், இவள் தலை சரியும், மூக்கு அமுங்கும். அதனால் கண்ணிலிருந்து வருவதை மட்டும் வரவிட்டு, நெஞ்சைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜொஹரா பார்த்தாள். அவளும் ஒன்றும் பேசவில்லை, தன் பிள்ளையிடம்கூட.

நாலு மணிக்குச் சிஸ்டர் முடிச்சை அவிழ்த்தார். அவளைத் தூக்கியதும் நெஞ்சில் குளிர் அடித்தது, வியர்வையில் அவள் கன்னம் பதிந்த இடம் மட்டும் வட்டமாகச் சிவந்திருந்தது. நெஞ்சை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். வராண்டாவில் இவர் நின்றுகொண்டிருந்தார், பார்சல் ஆபீஸ் சட்டையோடு, கையில் பிளாஸ்க். என் கண்ணைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றார். நடந்ததைச் சொன்னேன். சுவரில் சாய்ந்துகொண்டார். "இப்ப?" "இப்ப நல்லா இருக்கா." டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தார், பாதி கீழே சிந்தியது. குடிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அவள எங்க வச்சீங்க?"

யாரை என்று அவர் கேட்கவில்லை. வராண்டா கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆத்தங்கரையில. பிள்ளைகள வைக்கிற இடம் தனியா இருக்கு. மருத மரம் ஒன்னு நிக்கி, அதுல இருந்து பத்து எட்டு தூரம்."

"மண்ணு யாரு போட்டா?"

"நான்தான். மச்சான் போடுறேன்னாவ. நான் விடல."

"துணிய விலக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்." பிளாஸ்கைக் கீழே வைத்தார். "கண்ண மூடியிருந்தா. கட்டை விரல உள்ள வச்சு மத்த விரலால மூடியிருந்தா. நான் விரிச்சுப் பாத்தேன். நகம் இருந்துச்சு கனி. நகமெல்லாம் சரியா இருந்துச்சு." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "உங்கிட்ட சொல்லணும்னு தினமும் வருவேன். நீ அந்தப் பக்கமா திரும்பிப் படுத்திருப்ப."

அவர் இந்தப் பதினாறு நாளும் அந்த நகங்களைத் தனியாக வைத்துக்கொண்டு பார்சல் தூக்கியிருக்கிறார். நான் டீயை ஒரு வாய் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

"என்னைய அங்க கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"தையல் ஆறட்டுமே."

"ஆட்டோவுல மெதுவா போவோம். நாளைக்கே போகணும்."

"சரி, நாளைக்குச் சாயந்தரம்—"

"சாயந்தரம் வேண்டாம். காலையில போயிட்டு வந்துருவோம்" என்றேன். "ரெண்டு மணிக்கு இவ என்னையத் தேடுவா."